எண்ணும் எழுத்தும் கூடுமிடம்

(சாம்பல்தீவுத் தமிழாசிரியர் ஒருவர் எழுதியது)

எண்ணையும் எழுத்தையும் மக்கட்கு இரு கண்களாக வைத்துப் போற்றியது தமிழ் மரபு. கண் இரண்டாயினும் காட்சி ஒன்றே. இற்றைநாட் பள்ளிகளிலோ எண்ணுக்கு ஓர் அறை, எழுத்துக்கு ஓர் அறை என வகுத்துவிட்டோம். கணித ஆசிரியர் தமிழ் வகுப்பினை எட்டிப் பார்ப்பதில்லை. தமிழாசிரியரும் கணினி அறையின் வாயிலைக் கடப்பதில்லை. இப்பிரிவினை முன்னாளிற் பெருந்தீங்கு செய்யவில்லை. கணினிக்குச் செய்நிரல் எழுதும் கல்வி கிராமத்துப் பள்ளிகள்வரை வந்துவிட்ட இந்நாளில் அது நம் மாணாக்கரை இடர்ப்படுத்துகின்றது. நம் மொழியையும் இடர்ப்படுத்துகின்றது. பட்டியல், அணி, வகைமாற்றம் என்னும் மூன்று பாடங்களை எடுத்துக்கொண்டு இதனை விளக்கப் புகுகின்றேன். இம்மூன்றும் கணினி ஆசிரியர்க்கு மட்டும் உரியன அல்ல. தமிழாசிரியர்க்கும் இவற்றிற் பங்கும் கடமையும் உண்டு என்பதே யான் நிறுவ விரும்புவது.

விழா மலரில் இத்தகைய பொருள் பொருந்துமோ என ஐயுறுவார் உளராகலாம். கடந்து வந்த ஆண்டுகளை ஒரு கல்லூரி எண்ணிப் பார்க்கும் வேளையில், இனிவரும் ஆண்டுகளில் எதனை எவ்வாறு கற்பிப்பது என எண்ணுதலும் முறையே என்க.

க.பொ.த. உயர்தர வகுப்பில் தகவல், தொடர்பாடல் தொழினுட்பம் ஒரு பாடமாக உள்ளது. 2017இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம் பைதன் என்னும் செய்நிரல் மொழியை மாணாக்கர்க்கு வகுத்துள்ளது. இம்மொழியை ஆக்கி 1991இல் உலகுக்கு அளித்தவர் நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ரோசம். பாடத்தின் விளக்கம் தமிழிலே நடைபெறும். கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்திலே இருக்கும். இதனைக் கண்டு, "எம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் போதாது; அதனாலேயே செய்நிரல் வரவில்லை" என்று பெற்றோர் பலர் கூறக் கேட்கின்றோம். இஃது ஆராயாது கூறும் கூற்று. பைதன் தனக்கென ஒதுக்கிவைத்த சொற்கள் 35 மட்டுமே. உயர்தர வகுப்புவரை வந்த மாணாக்கன் 35 சொற்களைக் கற்கமாட்டாதவன் அல்லன். இடர்ப்பாடு சொல்லில் இல்லை, பொருளில் உள்ளது. பட்டியல் என்றால் யாது, அணி என்றால் யாது, ஒரு வகைப் பொருளை மற்றொரு வகையாக மாற்றுதல் ஏன் வேண்டும் என்பன உள்ளத்திற் பதியாமலே கட்டளைகளை நெட்டுருப் பண்ணுகின்றனர். வினா சிறிது மாறியவுடன் தடுமாறுகின்றனர்.

முதற்கண் பட்டியலைக் காண்போம். திருகோணமலை நகருக்கு வடமேற்கே கன்னியாவில் வெந்நீர்க் கிணறுகள் 7 அடுத்தடுத்து அமைந்துள்ளமை இம்மாவட்டத்தார் யாவரும் அறிந்ததே. ஒரு கிணற்றின் சூடு மற்றொன்றின் சூட்டுக்கு ஒப்பாவதில்லை. ஏழு கிணறுகளின் சூட்டையும் அளந்து எழுத விரும்பும் மாணாக்கன் ஏழு அளவுகளுக்கும் ஏழு தனிப்பெயர் இடலாம். கிணறு எழுநூறாயின் என் செய்வான்? ஆதலின் எல்லா அளவுகளையும் ஒரே பெயரின்கீழ் வரிசைப்படுத்தி, வரிசையில் நிற்கும் இடத்தைக் கொண்டு ஒவ்வொன்றையும் அழைக்கின்றான். இதுவே பட்டியல். இடத்தைக் காட்டும் எண்ணுக்குச் சுட்டி என்று பெயர்.

இங்கே மாணாக்கர் முதன்முதல் இடறுவது சுட்டி சுழியிலிருந்து தொடங்குதலாம். முதற்கிணற்றின் சுட்டி 0. ஏழாம் கிணற்றின் சுட்டி 6. "முதலாவதை ஏன் 0 என்கின்றோம்?" என்று வினவும் மாணாக்கனுக்கு, "அஃது அம்மொழியின் வழக்கம்" என்று விடையளித்தல் போதாது. திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்குச் செல்லும் சாலையைக் காட்டுதல் வேண்டும். அச்சாலையின் இடையிலே நம் சாம்பல்தீவு உள்ளது. சாலை தொடங்கும் இடத்தில் நிற்பவன் கடந்து வந்த தொலைவு சுழி. சுட்டியும் அத்தகையதே. அது பொருளின் எண்ணிக்கையைக் கூறுவதன்று. தொடக்கத்திலிருந்து எத்தனை இடம் கடந்து வந்தோம் என்பதைக் கூறுவது. இதனை உணர்ந்தவன் ஏழு பொருள் உள்ள பட்டியலில் 7 என்னும் சுட்டியைக் கேட்டுப் பிழைச்செய்தி பெறான். எண்ணிக்கை வேறு, இடம் வேறு என்பது அவனுக்குத் தெளிவாகும்.

அடுத்து அணி. பைதன் மொழியின் பட்டியல் எப்பொருளையும் ஏற்கும். எண்ணும் சொல்லும் அதனுள் ஒருங்கிருக்கலாம். அணியோ ஒரே வகைப் பொருளை மட்டும் ஏற்பது. அதனால் அது குறைந்த இடத்தில் அடங்கும். பெருங்கணக்குகளையும் விரைந்து செய்ய உதவும். 'அணி' என்னும் சொல்லை நம் கலைச்சொல்லாளர் நன்றாகவே தெரிந்தெடுத்தனர். படைவீரர் ஒரு சீராக நிற்கும் வரிசைக்கும் தமிழில் அணி என்பதே பெயர்.

இரு திசையில் விரியும் அணியைக் கற்பிக்க வேறெங்கும் செல்லவேண்டுவதில்லை. பாலர் வகுப்பின் சுவரில் தொங்கும் உயிர்மெய் அட்டவணையே அதற்குத் தக்க எடுத்துக்காட்டு. மெய் 18 நிரையாகவும் உயிர் 12 நிரலாகவும் நிற்கப் பிறப்பன 216 உயிர்மெய். ககர வரிசையைச் சுழியெனக் கொண்டு எண்ணின் தகர வரிசை 6ஆம் இடம். அகரத்தைச் சுழியெனக் கொண்டு எண்ணின் ஈகாரம் 3ஆம் இடம். ஆகவே 'தீ' என்னும் எழுத்து நிற்குமிடம் 6, 3. இவ்விரு திசை அணியை ஒரே நீண்ட வரிசையாக்கின் 'தீ' எங்கு நிற்கும்? ஆறைப் பன்னிரண்டாற் பெருக்கி மூன்றைக் கூட்ட 75 வரும். மீண்டும் 75ஐப் பன்னிரண்டால் வகுக்க ஈவு 6, மீதி 3. எழுத்தின் மெய்யும் உயிரும் அவ்வாறே மீண்டு வருகின்றன. இக்கணக்கினை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்வான். உயர்தர வகுப்பில் அணிப்பாடம் கேட்டு மருள்பவனுக்கு, அவன் ஐந்து வயதிலேயே ஓர் அணியை மனனம் செய்துவிட்டான் என்று சொல்வார் இல்லாமையே குறை.

மூன்றாவது வகைமாற்றம். விசைப்பலகையில் மாணாக்கன் 7 என்று தட்டினால் கணினி அதனை எண்ணாகக் கொள்வதில்லை, எழுத்தாகவே கொள்ளும். எழுத்துகளின் தொடரைச் சரம் என்பர். சரமாகிய 7ஐயும் சரமாகிய 5ஐயும் கூட்டுக என்றால் 12 வாராது. ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி 75 என்று வரும். ஒரு வகுப்பின் புள்ளிகள் 9, 85, 100 என்பன சரங்களாகவே இருக்க, இவற்றுட் பெரியது எது என்று வினவின் கணினி 9 என்று விடை தரும். சொற்களை ஒப்பிடுவதுபோல முதலெழுத்தை முதலெழுத்தோடு ஒப்பிடுதலால் வந்த விளைவு அது. அச்செய்நிரலை நம்பிப் பரிசளிப்பின், ஒன்பது புள்ளி பெற்றவனுக்கே முதற்பரிசு சேரும். 'இன்ட்' என்னும் கட்டளையால் சரத்தை நிறைவெண்ணாக மாற்றிய பின்னரே கணக்குக் கணக்காகும்.

மாற்றத்திலும் இழப்பு உண்டு. கன்னியாவின் ஒரு கிணறு 41.9 பாகை காட்டுவதாகக் கொள்வோம். அவ்வெண்ணை நிறைவெண்ணாக்கின் 42 வாராது, 41 வரும். தசமப் பகுதியைக் கணினி வெட்டிவிடும்; அண்மையதற்கு உயர்த்தாது. 41.9 என்பது சரமாக இருக்கும்போது நேரே நிறைவெண்ணாக்க முயலின் பிழைச்செய்தியே கிடைக்கும். முதலில் தசம எண்ணாக்குதல் வேண்டும். எதிலிருந்து எதற்கு மாற்றுகின்றோம், மாற்றத்தில் எது போகின்றது என்று அறியாது மாற்றுபவன் உண்மையைத் தொலைப்பான்.

தமிழ் மாணாக்கர்க்கு இன்பந்தரும் செய்தி ஒன்றும் இங்கே உண்டு. தமிழ் எண்களாகிய ௭௫ என்னும் சரத்தை 'இன்ட்' கட்டளையிடம் கொடுத்தால் அது பிணங்காமல் 75 என்று ஏற்கின்றது. ஆனால் நம் முன்னோர் எழுதிய முறையில் ௭௰௫ என்று கொடுத்தால் மறுத்துவிடுகின்றது. பத்துக்கும் நூற்றுக்கும் ஆயிரத்துக்கும் தனிக்குறி இட்டு எழுதிய பழைய முறை, சுழியைக் கொண்டு இடமதிப்பால் எழுதும் இக்கால முறையின் வேறானது. அதனை மாற்றும் விதியை மாணாக்கனே எழுதல் வேண்டும். பழைய கணக்கேடு ஒன்றைப் படிக்கத் தெரிந்தவனே அவ்விதியை எழுத வல்லவன்.

இனி, யான் தலையாயதாகக் கருதும் செய்திக்கு வருகின்றேன். 'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்து எத்தனை? மூன்று என்பான் முதலாம் வகுப்புச் சிறுவன். அச்சொல்லைப் பட்டியலாக்குக என்று பைதனுக்கு ஆணையிட்டால் அது ஐந்து உறுப்புகளைத் தருகின்றது: தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி. 'சாம்பல்தீவு' என்னும் நம் ஊர்ப்பெயரில் எழுத்து 6. கணினி காட்டும் எண்ணிக்கை 11. முன்னிருந்து படிப்பினும் பின்னிருந்து படிப்பினும் மாறாத சொல்லுக்கு 'விகடகவி' என்பதை எல்லோரும் எடுத்துக்காட்டுவர். அச்சொல்லைக் கணினி திருப்பும்போது இகரக்குறி தனித்து முன்னே வந்து நிற்க, சொல் சிதைந்துவிடுகின்றது. 'இது மாறாச் சொல் அன்று' எனக் கணினி தீர்ப்பளிக்கின்றது. திருக்கோணமலையைப் பாடிய திருஞானசம்பந்தர் மாலைமாற்றாக ஒரு பதிகமே பாடியருளினார். அவ்விரு பதிகங்களும் மூன்றாந் திருமுறையில் உள்ளன. அம்மாலைமாற்றையும் கணினி இவ்வாறே மறுக்கும் என்றால், பிழை பாட்டில் இல்லை. எண்ணிய முறையிலே உள்ளது.

காரணம் இது. உலக மொழிகளின் எழுத்துகட்கெல்லாம் எண் வழங்கும் ஒருங்குறி என்னும் ஏற்பாட்டின் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தது. அதிலே தமிழ்ப்பகுதி, இந்திய மொழிகட்காக 1988இல் வகுக்கப்பட்ட ஒரு நியமத்தைத் தழுவி அமைந்தது. அதன்படி 247 எழுத்துக்கும் தனியிடம் இல்லை. உயிரும் அகரமேறிய மெய்யும் உயிர்க்குறிகளும் புள்ளியுமே இடம்பெற்றன. மெய்யோடு அகரம் சேரக் ககரம் ஆகும் என்பது நம் இலக்கணம். ககரத்தின்மேற் புள்ளி சேர மெய்யாகும் என்பது கணினியின் ஏற்பாடு. இரண்டும் எதிரெதிராக நடக்கின்றன.

வரிசையும் அவ்வாறே. தேவநாகரியின் வரிசைக்கு நேராகத் தமிழை நிறுத்தியமையால் னகரம் நகரத்தின் அருகிலும், றகரம் ரகரத்தின் அருகிலும், ளகர ழகரங்கள் வகரத்துக்கு முன்னும் நிற்கின்றன. அமுதம், அவல், அழகு, அன்பு என்பது தமிழ் அகராதி முறை. இந்நான்கினையும் கணினியிடம் வரிசைப்படுத்தக் கொடுத்தால் அன்பு, அமுதம், அழகு, அவல் என்று தருகின்றது. ஒரு பள்ளியின் பெயர்ப்பதிவை இவ்வாறு ஒழுங்குபடுத்தின் தமிழ் முறையிற் பெயர் தேடுவார் ஏமாறுவர்.

இதற்காக யாரையும் பழித்தல் வேண்டா. ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனியிடம் தரும் ஏற்பாடு ஒன்றும் வகுக்கப்பட்டது. தமிழ்நாட்டரசு 2010இல் ஒருங்குறியைத் தன் நியமமாக ஏற்று, அவ்வேற்பாட்டையும் மாற்று நியமமாக ஏற்றது. எனினும் உலகெங்கும் வழங்குவது ஒருங்குறியே. ஆதலின் அதனைக் கொண்டே நம் எழுத்தைச் செம்மையாக எண்ணும் வழியை நாம் கற்றல் வேண்டும். அவ்வழி அரிதுமன்று. பட்டியலின் உறுப்புகளை முதலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்க. எடுத்தது 11 உயிர்க்குறிகளுள் ஒன்றாகவோ புள்ளியாகவோ இருப்பின் அதனை முன்னைய உறுப்போடு சேர்த்துவிடுக. அன்றேல் புதிய உறுப்பாகத் தொடங்குக. இவ்வொரு விதியாலே 'தமிழ்' மூன்றாகும், 'சாம்பல்தீவு' ஆறாகும், 'விகடகவி' தன் பெருமையை மீளப்பெறும். 'க்ஷ' போன்ற கிரந்த எழுத்துக்கு மட்டும் வேறொரு விதி சேர்த்தல் வேண்டும். முத்தையா அண்ணாமலை என்னும் பொறியியலாரும் பிறரும் ஆக்கிப் பொதுவுக்கு அளித்துள்ள 'ஓப்பன் தமிழ்' என்னும் பைதன் நிரலகத்தில் இத்தகைய கருவிகள் உள்ளன. இக்கருவிகளைச் செய்தவர்க்குச் செய்நிரலும் தெரிந்திருந்தது, எழுத்திலக்கணமும் தெரிந்திருந்தது. ஒன்றை மட்டும் அறிந்தவர் இதனைச் செய்திருத்தல் இயலாது.

தமிழாசிரியர்க்கு இங்கே என்ன பங்கு என்பது இப்போது விளங்கும். எதனை எண்ணுகின்றோம் என்று தெளிந்த பின்னரே எண்ணுதல் வேண்டும் என்னும் பாடத்தை நம் இலக்கணம் முன்னரே கற்பித்துள்ளது. 'தமிழ்' என்னும் சொல் எழுத்தால் மூன்று, மாத்திரையால் இரண்டரை, அசையால் ஒன்று. இம்மூன்று விடையும் மெய்யே. வினா வேறுபட விடையும் வேறுபடுகின்றது. கணினியும் இதற்கு மேலும் இரு விடை தருகின்றது. ஒருங்குறி எண்ணால் ஐந்து. அதனைச் சேமிக்கும் வழக்கமான முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைற்று இடங்கொள்வதால் பதினைந்து. யாப்பிலக்கணம் நன்கு கற்ற மாணாக்கன் இவ்வேறுபாடு கண்டு மருளான். ஒரே சொல்லை மூன்று அளவுகோலால் அளந்து பழகியவன் அவன்.

பொருள்கோளிலும் ஒரு துணை உண்டு. பவணந்தியார் நன்னூலிற் கூறிய எட்டுப் பொருள்கோளுள் நிரனிறை ஒன்று. பெயர்கள் ஒரு வரிசையாகவும் அவற்றோடு முடிவன மற்றொரு வரிசையாகவும் நிற்க, முதலாவதை முதலாவதோடும் இரண்டாவதை இரண்டாவதோடும் பொருத்திப் பொருள் கொள்ளுதல் அது. திருக்குறளின் 45ஆம் குறளை உரையாசிரியர்கள் இதற்குக் காட்டுவர். அன்பும் அறனும் ஒரு வரிசை. பண்பும் பயனும் மற்றொரு வரிசை. அன்பு இல்வாழ்க்கையின் பண்பாகவும் அறன் அதன் பயனாகவும் இணைகின்றன. பைதன் மொழியில் இரு பட்டியல்களை இவ்வாறு இணைக்க 'சிப்' என்னும் கட்டளை உண்டு. ஒரு பட்டியலைத் திருப்பி இணைத்தால் அது நம் எதிர்நிரனிறை. மாணாக்கர் பெயர் ஒரு பட்டியல், புள்ளி மற்றொரு பட்டியல் எனக் கொண்டு இணைக்கும்போது பெயர் ஒன்று விடுபட்டால் யாது நிகழும்? ஒருவன் புள்ளி மற்றொருவனைச் சேரும். நிரல் பிறழின் பொருள் பிறழும் என்று இலக்கண வகுப்பிற் கேட்டவன் இதனையும் அஞ்சிக் காப்பான்.

இக்கருத்துக்கு மறுப்புக் கூறுவாரும் உளர். முதல் மறுப்பு: "கட்டளை ஆங்கிலத்தில் இருக்க விளக்கம் மட்டும் தமிழில் எதற்கு? யாவற்றையும் ஆங்கிலத்திலே கற்பித்துவிடலாமே" என்பது. ஆங்கிலத்தை யான் வெறுப்பவன் அல்லன். மாணாக்கர் அதனையும் செவ்வனே கற்றல் வேண்டும். முத்தையா அண்ணாமலை 'எழில்' என்னும் தமிழ்ச் செய்நிரல் மொழியை ஆக்கி 2009இல் அதுபற்றி ஆய்வுரை வெளியிட்டார். நிபந்தனை முன்னும் 'ஆனால்' என்னும் சொல் பின்னுமாகத் தமிழ்த் தொடரின் போக்கிலே அதன் கட்டளை அமைந்துள்ளது. தொடக்க வகுப்பினர்க்கு அது நற்றுணையாகும். எனினும் தேர்வுக்கும் தொழிலுக்கும் பைதன் வேண்டும் என்பதை மறுப்பார் இல்லை. யான் கூறுவது கட்டளையின் மொழியைப் பற்றியதன்று. கருத்து முளைக்கும் மொழியைப் பற்றியது. வீட்டிலும் தெருவிலும் வழங்கும் மொழியிற் கருத்து வேரூன்றின் அதன்மேல் எம்மொழிச் சொல்லும் நிலைபெறும்.

இரண்டாம் மறுப்பு: "தமிழ் எழுத்தெண்ணும் வினா தேர்வில் வருவதில்லையே" என்பது. வாராமை உண்மையாயினும், தேர்வில் வரும் வினாக்கள் யாவும் இவ்வறிவையே வேறு உருவிற் கேட்பன. சரம் யாது, உறுப்பு யாது, சுட்டி யாது, மாற்றத்தில் எது போகும் என்று தன் பெயரை வைத்துக் கற்றவன், அறியாத பெயர்களும் எண்களும் கொண்ட வினாவையும் எளிதிற் கடப்பான்.

மூன்றாம் மறுப்பு இக்காலத்துக்கே உரியது. கேட்டவுடன் செய்நிரல் எழுதித்தரும் பொறிகள் 2022ஆம் ஆண்டின் இறுதி முதல் பொதுமக்கள் கைக்கும் எட்டியுள்ளன. "இனி நம் பிள்ளைகள் பட்டியலும் அணியும் கற்பது எதற்கு?" என்று வினவுகின்றனர். பொறி எழுதித்தந்த செய்நிரல், நம் ஊர்ப்பெயரில் எழுத்து பதினொன்று என்று கூறினால், அது பிழை என்று சொல்ல ஒருவர் வேண்டுமன்றோ? எழுதுவோர் பெருகுங்கால் ஆராய்ந்து திருத்துவோரும் பெருகுதல் வேண்டும். கற்பதற்கு இதனினும் வலிய காரணம் யான் அறியேன்.

எண்ணையும் எழுத்தையும் ஒருவரே ஆளுதல் அரிதென்று கருதுவார்க்கு நம் கிழக்கு மாகாணமே விடை தந்துள்ளது. சுவாமி விபுலாநந்த அடிகளார் 1916இல் விஞ்ஞானத்தில் டிப்ளோமாப் பெற்றார். அவ்வாண்டிலேயே மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் தேறினார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியானார். அவரே 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். 1947இல் வெளிவந்த அவர்தம் யாழ் நூல், பழந்தமிழ் இசையைக் கணிதத்தின் துணைகொண்டு ஆராய்ந்த நூலாகும். விஞ்ஞானம் கற்றமையால் அவர் தமிழ் குறையவில்லை. தமிழ் கற்றமையால் அவர் கணிதம் குறையவில்லை. திருகோணமலையிலும் கல்விப்பணி ஆற்றிய அப்பெரியார் வழியில் நிற்கும் இந்துக் கல்லூரிகள் இவ்விரண்டையும் கூட்டிக் கற்பிக்கத் தயங்குதல் தகாது.

கூறியன செயலாதற்குச் சில வழிகளை மூவர்க்கும் முன்வைக்கின்றேன்.

ஆசிரியர்க்கு: பட்டியல் பாடம் தொடங்குவதற்கு முந்திய வாரத்தில் தமிழ்ப் பாடவேளை இரண்டினை இதற்கு ஒதுக்குக. கணினி வேண்டா; உயிர்மெய் அட்டவணையும் வெண்கட்டியும் போதும். எழுத்தின் இடத்தைச் சுட்டியாற் கூறுதல், சொல்லை எழுத்தாகவும் மாத்திரையாகவும் அசையாகவும் எண்ணுதல், நிரனிறைப்படி இரு வரிசையை இணைத்தல் ஆகிய மூன்றனையும் தமிழாசிரியர் பயிற்றுக. மறுவாரம் கணினி ஆசிரியர் அவற்றையே செய்நிரலாக்குக. கலைச்சொற்களையும் இருவரும் ஒருமித்துத் தெரிந்து, ஆண்டுதோறும் மாற்றாமல் வழங்குக. ஒரே பொருளை ஓர் ஆசிரியர் பட்டியல் என்றும் மற்றொருவர் நிரல் என்றும் வேறொருவர் வரிசை என்றும் கூறின் மாணாக்கன் மூன்று பொருள் உண்டென்று மயங்குவான்.

மாணாக்கர்க்கு: எழுதும் ஒவ்வொரு செய்நிரலிலும் ஒவ்வொரு மாறிக்கு எதிரே அஃது எவ்வகைப் பொருள் என்று தமிழில் எழுதிப் பழகுக. சரமா, நிறைவெண்ணா, தசம எண்ணா, பட்டியலா என்று எழுதியவனுக்குப் பாதிப் பிழை அங்கேயே தோன்றிவிடும். பின்னர் அச்செய்நிரலைத் தன் பெயரையும் தன் ஊரின் பெயரையும் கொடுத்துச் சோதித்துக் காண்க.

பழைய மாணவர்க்கு: உங்களிற் பலர் உள்நாட்டிலும் கடல் கடந்தும் பொறியியலாராக விளங்குகின்றீர்கள். கட்டடமும் கணினியும் தருவார் முன்வருவர். அவற்றோடு, வகைமாற்றத்தைச் செயலிற் காட்டும் ஒரு பணியையும் மாணாக்கர்க்குத் தாருங்கள். ஒருங்குறி பரவுமுன் ஈழத்துத் தமிழ் அச்சில் பாமினி என்னும் எழுத்துரு பெருவழக்காக இருந்தது. அம்முறையில் 'தமிழ்' என்று தாளிலே தோன்றிய சொல், கணினியின் உள்ளே ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளாலும் ஓர் அரைப்புள்ளியாலும் ஆனது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கிலக் குப்பையே தோன்றும். மலர்களும் பெயர்ப்பதிவுகளும் அத்தகைய கோப்புகளாக எங்கெங்கோ கிடக்கின்றன. இவற்றை ஒருங்குறிக்கு மாற்றுதல் வெறும் எழுத்துக்கு எழுத்து மாற்றுவதன்று. 'கெ' என்பதிற் பாமினி கொம்பை முன்னும் ககரத்தைப் பின்னும் வைக்கும். ஒருங்குறி ககரத்தை முன்னும் கொம்பைப் பின்னும் வைக்கும். 'கொ' என்பதில் ககரத்தின் இருபுறமும் நிற்கும் கொம்பையும் காலையும் கூட்டி ஒரே குறியாக்குதல் வேண்டும். பட்டியல், சுட்டி, வகைமாற்றம் ஆகிய மூன்றும் ஒருங்கே வேண்டப்படும் பணி இது. பொறியியலார் ஒருவரும் தமிழாசிரியர் ஒருவரும் அருகிருந்து வழிகாட்ட, உயர்தர மாணாக்கர் பதின்மர் இதனைச் செய்து முடிக்கலாம். மாற்றியவற்றை 2005இல் தொடங்கப்பெற்ற 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் போன்றவற்றுக்கு அளித்தால் உலகத் தமிழர் யாவரும் படிப்பர். பழைய மாணவர் பெயர்ப்பதிவும் தமிழ் அகராதி முறையிலே ஒழுங்குபெறும்.

இதிற் காலம் தாழ்த்தல் கூடாது. பாமினியிற் கோத்தவர்கள் முதுமையுற்று வருகின்றனர். பழைய தட்டுகளும் பழுதடைகின்றன. தம் பெயரைக் கணினி பிழையாக எண்ணுகின்றது என்பதை அறியாமலே ஆண்டுதோறும் ஒரு வகுப்புப் பள்ளியை விட்டுச் செல்கின்றது. எண்ணறிந்த ஆசிரியரும் எழுத்தறிந்த ஆசிரியரும் ஓர் அறையிற் கூடி ஒரு வாரம் கற்பித்தால் அக்குறை தீரத் தொடங்கும். இவ்விழா ஆண்டிலேயே அது தொடங்குக. கல்லூரி நீடு வாழ்க!